துடுப்பு யார் கையில்?

துடுப்பைக் காணோம்.

கை கழுவும் வாளிக்குப் பக்கத்தில், மணலில் நட்டு வைத்திருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் மிச்சம். சரி, பெட்டியில் ஆள் இருக்கிறது என்று ட்ரூடி ஷம்வே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். புதுத் தாள் சுருள் வைக்க வந்தவள் அவள்.

சான் வான் ஆற்றில் ரப்பர் படகு விடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேதம்தான். பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோன எதுவும் பள்ளத்தாக்கில் தங்கக் கூடாது. சாப்பிட்டதும் அதில் சேர்த்தி. சின்ன வேலைக்கு ஆறு. பெரிய வேலைக்கு, முகாமின் கோடியில் பாறை மறைவில் வைக்கப்படும் இரும்புப் பெட்டி. கதவு கிடையாது. ஆகவே பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பழைய துடுப்பு. போகிறவர் அதைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். துடுப்பு இருந்தால் போகலாம். இல்லையென்றால் நிற்க வேண்டும். இத்தனை வருஷப் படகு வாழ்க்கையில் ட்ரூடியின் கால் துடுப்பில்லாமல் அந்தப் பாதையில் ஓர் அடி வைத்ததில்லை.

நின்றாள். இன்னும் நின்றாள். எப்பேர்ப்பட்ட மலச்சிக்கலுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

அப்போதுதான் எதிர்த்திசையில், அடுப்பங்கரையைச் சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளின் நடுவிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அன்பர்களே! இது வெறும் மரம் அன்று!"

ட்ரூடி திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எல்ஸ்வர்த் பிங்ரி இரண்டு கைகளாலும் டாய்லெட் துடுப்பை வானத்தை நோக்கி ஏந்தி நின்றுகொண்டிருந்தார்.

பிங்ரி எதற்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை படகில் ஒருவர் மயங்கி விழுந்தபோது முதலில் ஒதுங்கி நின்றவர் அவர்தான் என்பதால் மருத்துவத்துக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம். ரிச்ஃபீல்ட் ஊரில் ஒரே தேவாலயத்துக்குப் போகிற பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து அவர் நடத்துவது 'ஆற்றோட்டப் புத்துயிர் நட்புக் குழாம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு வளைவைத் தாண்டிவிடும்.

"இது பேசும் கோல்! இதை ஏந்துபவர் மட்டுமே பேசுவார். மற்றவர்க்குச் செவி மட்டுமே. இது வட்டத்தைச் சுற்றி என்னிடம் திரும்பும்வரை எவரும் எழலாகாது. திரும்பியதும் நான் சுருக்கமாகச் சில வார்த்தைகள் சொல்வேன்."

'சுருக்கமாக' என்றதும் வட்டத்தில் ஒரு பெருமூச்சு சுற்றி வந்தது. பரவசம் என்று ட்ரூடி நினைத்துக்கொண்டாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த லெனார்டிடம் ஓடினாள். லெனார்ட் இரண்டாவது படகை ஓட்டுகிறவன், அந்த மண்ணின் ஆதிகுடியான நவஹோக்காரன். எதிர்க்கரையில் மேய்கிற ஆடுகளில் பாதி அவன் அம்மாவுடையவை.

"நம்ம துடுப்பு அவர் கைக்கு எப்படிடா போச்சு?"

"அந்தப் பின்னல் சிஸ்டர் எடுத்துக் குடுத்தாங்க. நேரா வந்தாங்க, பிடுங்கினாங்க, தம்பி கையில குடுத்தாங்க."

பின்னல் சிஸ்டர் என்பது வெர்லா. டாக்டரின் அக்கா. படகிலும் கரையிலும் கம்பளி நூலும் ஊசியுமாகவே இருப்பாள், பேச மாட்டாள். குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட பேச்சு முழுவதும் தம்பிக்கே போய்விட்டது போலிருக்கிறது.

"பாவம், வயசானவங்க. என்னன்னு தெரியாம எடுத்துட்டாங்க."

"தெரியாம எடுத்த மாதிரி தெரியல. மண்ணைத் தட்டிட்டுத்தான் எடுத்தாங்க."

"டாக்டருக்குமா தெரியாது? வருஷா வருஷம் வர்றாரே!"

"அவர் எங்க துடுப்பு எடுத்துட்டுப் போறாரு? பெட்டியில உக்காந்துகிட்டு ஜெபப் பாட்டு பாடுறாரு. ஆள் இருக்கறது எதிர்க்கரை ஆட்டுக்குக்கூடத் தெரியுது."

டாக்டர் அங்கே தொடர்ந்துகொண்டிருந்தார். "இந்த மண்ணின் ஆதிகுடிகள் நமக்கு அருளிய மரபு இது!"

"உங்க மரபாமே?" என்றாள் ட்ரூடி.

"எங்ககிட்ட கோலெல்லாம் கிடையாது," என்றான் லெனார்ட். "எங்க அத்தைங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க."

ட்ரூடிக்குச் சிரிப்பு வரவில்லை. புறப்படுகிற அன்று காலையில் முதலாளி ஆர்லோ படகுத்துறையில் வைத்துச் சொன்னது காதிலேயே இருந்தது. "இந்தக் கோஷ்டிதான் நமக்குச் சோறு, ட்ரூடி. இவங்க ஊர்ல போய்ச் சொல்லித்தான் பாதிக் கூட்டம் வருது. இந்தத் தடவை மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனாங்கன்னு வை, நான் படகையெல்லாம் வித்துட்டு ஃபீனிக்ஸ்ல மக வீட்டுக்குப் போயிடுவேன். நீ பிளாண்டிங்ல உங்க மச்சான் டயர் கடையில போய் பஞ்சர் ஒட்டு."

"இங்கேயும் பஞ்சர்தானே ஒட்டறேன்."

"அங்க ஆறு இருக்காது."

அது போதும். வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை இந்தக் குழாத்தைக் கூட்டிப்போனவன் டக் என்கிற படகோட்டி. கல்யாணம் கட்டிக்கொண்டு ஐடஹோவுக்குப் போய்விட்டான். போனில் அவன் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று: "அவங்க பாட்டுக்கு விட்டுடு. நீ எதையும் சரி பண்ணப் போகாத."

சரி பண்ணாமல் இருப்பது ட்ரூடியின் ரத்தத்தில் இல்லை. அவள் சட்டைப் பையில் எப்போதும் பசையும் நாடாவும் இருக்கும். ஆடுகிற நாற்காலியைக் கண்டால், அது யார் வீட்டு நாற்காலியானாலும் குனிந்துவிடுவாள்.

கோல் வட்டத்தைச் சுற்றியது. ஆளாளுக்கு "நல்லா இருக்கு, நன்றி" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைக் கைமாற்றுவது போல் சட்டென்று பக்கத்து ஆளிடம் தள்ளினார்கள். கோல் டாக்டரிடம் திரும்பியது. அவர் கண்களை மூடினார். சுருக்கம் தொடங்கியது. அவர் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கியது.

முதலில் குறுக்கிட்டது பிரதர் ஹைரமின் வயிறு. கோல் இல்லாமலே பேசியது.

ஹைரம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்; ஆள் குன்று மாதிரி இருப்பார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ட்ரூடியின் மிளகாய் பீன்ஸை அவர் சாப்பிட்ட சாப்பாடு அவளுக்கே பெருமையாக இருந்தது. மற்றவர்கள் வேறு, "இன்னொரு கரண்டி பிரதர், எங்களுக்காக" என்று தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மனிதர் முகத்தில் மட்டும் கசாயம் குடிக்கிற களை.

இப்போது அவர் பாதி எழுந்தார். "டாக்டர், மன்னிக்கணும். எனக்கு அந்த..."

வட்டம் முழுவதும் நிமிர்ந்தது. எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். என்ன அனுதாபம் பாருங்கள் என்று ட்ரூடி நெகிழ்ந்தாள். ஆனால் நெகிழ நேரமில்லை. இந்த மனிதர் 'அது டாய்லெட் துடுப்பு' என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தால் டாக்டரின் மானம் என்ன ஆவது? டாக்டரின் மானம் போனால் ஆர்லோவின் படகு, தன் ஆறு?

ஒரே பாய்ச்சலில் ஹைரம் பக்கம் போனாள்.

"பிரதர், ஒண்ணும் பேசாதீங்க," என்று அவர் காதில் சொல்லி, கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கையில் திணித்தாள். "துடுப்பு வேண்டாம். இதைப் பாதை முனையில கட்டிட்டுப் போங்க. சிவப்பு தெரிஞ்சா ஆள் இருக்குன்னு அர்த்தம். யாருக்கும் தெரியாமப் போயிட்டு வந்துடலாம்."

ஹைரம் துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எனக்குத் துடுப்புதான்..."

"வெட்கப்படாதீங்க பிரதர்! இதெல்லாம் இயற்கை."

அவர் போனதும் வந்ததும் டாக்டருக்குத் தெரியவே இல்லை. மூடிய கண்களுக்குள் அவர் தம் எட்டாவது பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார். ஹைரம் நாற்காலியில் உட்கார்ந்து, வட்டம் முடியும்வரை ட்ரூடியையே பார்த்தார். நன்றி சொல்ல வார்த்தை இல்லாத மனிதர் போலிருக்கிறது.

காலையில் சிவப்புத் துணியைக் காணோம்.

"அண்டங்காக்கா கொண்டுபோச்சு," என்றாள் வெர்லா, பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல். "பெரிசு."

இந்தப் பள்ளத்தாக்கின் அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பைத் திறந்து ரொட்டி எடுக்கிற ரகம். ட்ரூடி நம்பினாள். துணியும் இல்லை, துடுப்போ டாக்டரின் தலைமாட்டில். விளைவு, அன்று காலை சந்தித்துக்கொள்ளக் கூடாத இடத்தில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டார்கள்.

"டாக்டர்கிட்ட நேரா கேட்டு வாங்கிடலாமே, தலைவி," என்றான் லெனார்ட்.

"என்னன்னு கேக்க? 'ஐயா, நீங்க நேத்து முத்தம் குடுத்தீங்களே, அது டாய்லெட்டுக்குப் போறது'ன்னா?"

லெனார்ட் யோசித்தான். "முத்தம் வேற குடுத்தாரா?"

அன்று பகலில் ஆறு அருமையாக இருந்தது. சிவந்த சுவர்களுக்கு நடுவில் பழுப்புத் தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் படகுகள் போயின. பெரிய அலைப்பாய்ச்சலுக்குள் இறங்கும்போது நட்புக் குழாம் மொத்தமும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊளையிட்டது. முன்னால் உட்கார்ந்து அலைகளின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்த டாக்டரின் திறந்த வாய்க்குள் ஓர் அலை முழுசாகப் போய் இறங்கியது. அவர் இருமி முடிக்கும்வரை எல்லாரும் கைதட்டினார்கள். வெர்லாகூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். ஹைரம் தன் தொப்பியால் தண்ணீரை அள்ளி மற்றவர்கள் மேல் ஊற்றினார். ரிச்ஃபீல்டிலிருந்து வந்தபோது சாயம் போன துணி மாதிரி இருந்த மனிதர்கள், பத்து வயது குறைந்து வெயிலில் பளபளத்தார்கள்.

இவர்களா சாயங்காலமானால் மூஞ்சியைத் தொங்கப்போடுகிறவர்கள்? ட்ரூடிக்கு விளங்கிவிட்டது. வசதிக் குறைவு! வேறென்ன?

முகாம் போட்டதும் அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது பெட்டியையும் இறக்கினாள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சமையல் பந்தலின் துணியைக் கிழித்து இரண்டுக்கும் மறைப்பு கட்டி, துணி இறங்கியிருந்தால் ஆள் உண்டு, ஏறியிருந்தால் இல்லை என்று ஏற்பாடு செய்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தாள்.

"இனிமே யாரும் காத்திருக்கவே வேண்டாம்! துடுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

எல்லாரும் ஹைரமைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டா?" என்றார் ஹைரம்.

"ரெண்டு!"

"ரொம்ப நல்லது," என்றார், ஸ்கேன் முடிவை வாங்கிப் பார்த்தவர் போல. கையிலிருந்த பீன்ஸ் தட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெல்ல அதைக் கீழே வைத்தார்.

டாக்டர் மட்டும் பூரித்தார். "அருமை, அம்மணி! உடலின் தேவை இனி உள்ளத்தின் பயணத்தை இடைமறிக்காது!"

இடைமறிக்கவில்லை. அன்று உள்ளம் பள்ளிக்கூடம் முழுவதையும் கடந்து கல்லூரி வாசலைத் தொட்டது. படகுக்காரர்களையும் வட்டத்தில் உட்காரவைத்து யாரும் எழக் கூடாது என்றதால், இரும்புச் சட்டியில் வெந்துகொண்டிருந்த பீச் பழப் பணியாரத்தை இறக்க ஆளில்லாமல் அடி பிடித்தது. ஹைரமின் கண்ணிலிருந்து நிஜமாகவே ஒரு சொட்டு விழுந்தது. "கசிவு தொடங்கிவிட்டது!" என்றார் டாக்டர்.

வட்டம் முடிந்தபின் அவர் ட்ரூடியைத் தனியே அழைத்தார்.

"அம்மணி, ஏதோ ஒரு தடை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முதல் மாலையிலேயே யாரேனும் ஒருவருக்கு அழைப்பு வந்துவிடும். இவ்வாண்டு எவருக்கும் வரவில்லை."

"என்ன அழைப்பு, டாக்டர்?"

"அதை வார்த்தையால் சொல்ல இயலாது," என்றார், எல்லாவற்றையும் வார்த்தையால் சொல்கிறவர். "என் பேச்சில் ஆழம் போதவில்லை என்று எண்ணுகிறேன். நாளை முதல் காலையிலும் ஒரு வட்டம்."

காலை வட்டம் நடந்தது. காப்பி கூடாது என்கிற தேவாலயத்துக்காரர்கள் எல்லாரும் லெனார்டின் காப்பிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு கிளம்பத் தாமதம், எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது, ட்ரூடியின் தோள்பட்டை கழன்றது. மதியம் அவள் தண்ணீர் மொள்ளப் போனபோது புதருக்கு அந்தப் பக்கம் ஹைரமின் குரல்.

"அந்தப் பொம்பள இருக்கிற வரைக்கும் நடக்காது. டக் இருந்தப்போ இப்படியா இருந்துச்சு?"

"மோவாப்ல ஒரு கம்பெனி இருக்காம்," என்றது இன்னொரு குரல். "அடுத்த வருஷம் அங்க கேட்டுப் பாக்கலாம்."

ட்ரூடி வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் முன்னால் பிளாண்டிங் டயர் கடை தெரிந்தது. மச்சானின் விசில் சத்தம்கூடக் கேட்டது.

"என் பெட்டியை இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல, லெனார்ட்!" என்று குமுறினாள். "ஒண்ணுக்கு ரெண்டு வச்சேன். துணி கட்டினேன். இன்னும் என்னதான் வேணுமாம் இந்த மகராசன்களுக்கு?"

"டக் என்ன சொன்னான்?"

"சரி பண்ணாதன்னு."

"நீ என்ன பண்ற?"

"சரி பண்றேன்."

"ம்," என்று லெனார்ட் காப்பியை உறிஞ்சினான்.

அவளுக்குப் பொறி தட்டியது. பீன்ஸ்! முதல் நாள் ஹைரமின் வயிற்றைக் கெடுத்தது எது? மறுநாள் அவர் தட்டைக் கீழே வைத்தது எதனால்? இத்தனை பேர் வயிற்றையும் கெடுத்துவிட்டு பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தால் ஆகுமா? அன்று இரவுச் சாப்பாட்டில் பீன்ஸ் கிடையாது. பதிலாக, வயிற்றைக் கல் மாதிரி கட்டுகிற சீஸ் உருளைக்கிழங்கு செய்தாள். ரிச்ஃபீல்ட் பக்கம் சாவு வீட்டில் செய்வது அது.

தட்டைப் பார்த்ததும் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "யாரு செத்தது?"

"நாமதான்," என்றார் ஹைரம்.

அன்று டாக்டர் தம் முதல் கல்யாணத்தை நெருங்கினார். மொத்தம் மூன்று என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடைசி நாள் வந்தது. ஊறவைத்து வேகவைத்த பீன்ஸ் ஒரு பானை அப்படியே இருந்தது. மண்ணில் புதைக்க முடியாது, ஆற்றில் கொட்ட முடியாது. வேதம் இடம் கொடுக்காது. மிஞ்சினதைத் தின்று தீர்ப்பது படகுக்காரர் தலையெழுத்து.

"எனக்கு வேண்டாம்," என்றான் லெனார்ட். "அத்தை கட்டிக் குடுத்த ஆட்டுக்கறி இருக்கு."

ட்ரூடி காலையில் தின்றாள். மதியம் தின்றாள். சாயங்காலம், ஆத்திரத்தோடு பானையின் அடியைச் சுரண்டித் தின்றாள். நிறைந்துபோன பெட்டியை மூடிப் படகில் கட்டியாகிவிட்டது. இருப்பது ஒன்று.

வட்டம் கூடியது. கோல் ஒரு சுற்று சுற்றிவிட்டு டாக்டரிடம் வந்து உட்கார்ந்தது. நாற்காலிகளில் சரிந்து கிடந்த முகங்களைப் பார்க்க ட்ரூடிக்கே தாங்கவில்லை. நாளைக்கு இவர்கள் ஆர்லோவிடம் என்ன சொல்லப்போகிறார்கள் என்று யோசித்தபடி சட்டியின் கரியைத் தேய்த்தாள்.

அப்போது அடிவயிற்றில் ஏதோ உருண்டது.

முதலில் மெதுவாக. அலைப்பாய்ச்சலுக்கு முன்னால் தண்ணீர் வழவழவென்று அமைதியாகுமே, அப்படி ஓர் அமைதி. பிறகு பாய்ச்சல்.

சட்டியைப் போட்டாள். பாதை முனைக்கு ஓடினாள். மறைப்புத் துணி ஏறித்தான் இருந்தது, ஆள் இல்லை. போகலாம். போகவேண்டியதுதான். ஆனால் கால் எழவில்லை. வாளிக்குப் பக்கத்துக் குழியைக் கண் பார்த்தது. துடுப்பில்லாத குழி. அதைப் பார்த்ததும் படகுக்காரியின் கால் நின்றுவிட்டது. மூளை போ போ என்கிறது. வயிறு அதற்கும் மேலே கத்துகிறது. கால் மட்டும் மாட்டேன் என்கிறது.

திரும்பி ஓடினாள். வட்டத்துக்குள் புகுந்தாள். "மணமேடையில் நான் அவளை நோக்கினேன், அவளோ..." என்று இரு கைகளாலும் கோலை ஏந்தி நின்ற டாக்டரின் முன்னால் போய், "குடுங்க இப்பிடி!" என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, வந்த வேகத்தில் பாறை மறைவுக்கு ஓடினாள்.

பெட்டியில் உட்கார்ந்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. மடியில் துடுப்பு. எதிரே அந்தி வெளிச்சத்தில் சிவந்த சுவர். போச்சு. எல்லாம் போச்சு.

பள்ளத்தாக்கு எதையும் ஒளிக்காது. பாறையில் பட்டு டாக்டரின் குரல் தெளிவாக வந்தது.

"அழைப்பு! அன்பர்களே, அழைப்பு வந்துவிட்டது! நமக்கு அல்ல, நம் படகோட்டிக்கு! கண்டீர்களா அந்த முகத்தை? அழைப்பு வந்தபின் பேச்சு கூடாது. வட்டம் நிறைவுற்றது."

யாரோ "ஆமென்!" என்று அலறினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. சிரிப்பு கிளம்பியது, யாரோ மௌத் ஆர்கனை எடுத்தார்கள், யாரோ ஆற்றில் தொப்பென்று விழுந்தார்கள்.

பாதி பீன்ஸாலும் பாதி வெட்கத்தாலும் ட்ரூடி அங்கேயே வெகுநேரம் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தபோது ஹைரம் எதிரே வந்து நின்றார். குன்று அவளை அப்படியே கட்டிக்கொண்டது.

"சிஸ்டர் ட்ரூடி," என்றார். கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். லெனார்ட் அன்றைக்குச் சுட்ட பீச் பணியாரம். மொறுமொறுவென்ற ஓரத் துண்டு. யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்தார்கள்.

எல்லாரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் காலை விட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோலும் இல்லை, முறை வைப்பதும் இல்லை. லெனார்டின் அத்தைகள் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் தன் செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொன்னார். மூன்று பேர் அவர் முதுகைத் தடவினார்கள். நாலாவது ஆள் அவளுடைய மோசமான சமையலைப் பற்றிச் சொல்ல, அவரே முதலில் சிரித்தார். நடுவில் டாக்டர் பிங்ரி, பேசாமல், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தன் சாதனை என்ற நிறைவில் பளபளத்துக்கொண்டிருந்தார். பேசாதபோது நல்ல மனிதராகவே தெரிந்தார்.

மறுநாள் கரையேறும் துறையில் முழங்கால் சேறு. லெனார்ட் படகுகளின் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மணி, தங்களுக்கு வந்த அழைப்பைப் பற்றி நான் விரிவாக ஒரு கட்டுரை எழுதவிருக்கிறேன்," என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் ட்ரூடி.

ஹைரம் தன் பையோடு வந்தார். "ஆர்லோகிட்ட சொல்லிடுங்க. அடுத்த மே மாசமும் நாங்க வர்றோம். படகு நீங்கதான் ஓட்டணும்."

ட்ரூடிக்கு ஆறு திரும்பக் கிடைத்துவிட்டது. டயர் கடை கண்ணிலிருந்து மறைந்தது. இவ்வளவு நல்ல மனிதர்களுக்குப் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? வேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பின்னிக்கொண்டிருந்த வெர்லாவிடம் போய்க் குனிந்தாள்.

"சிஸ்டர், நீங்க ஒண்ணும் தப்பா நெனக்கக் கூடாது. நீங்க டாக்டருக்கு எடுத்துக் குடுத்தீங்களே, அது டாய்லெட் துடுப்பு. தெரியாம நடந்ததுதான், போகட்டும். அடுத்த வருஷம் அவருக்குன்னே ஜூனிப்பர் கட்டையில தனியா ஒரு கோல் செதுக்கி நானே கொண்டுவரேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது."

வெர்லாவின் ஊசிகள் நின்றன. தம்பி தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு நூல்பைக்குள் கையை விட்டு, துவைத்து மடித்த ஒரு சிவப்புத் துணியை எடுத்து ட்ரூடியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஹைரமுக்கு பீன்ஸே பிடிக்காது, கண்ணு," என்றாள். "யாராவது வயித்தப் பிடிச்சுக்கிட்டு அதைப் பிடுங்கிட்டு ஓடினாத்தான் என் தம்பி வாயை மூடுவான்னு, வருஷா வருஷம் அந்தத் துடுப்பை அவன் கையில குடுக்கறதே நான்தானே!"